லூஸ் பனீர் வாங்குகிறீர்களா? வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

விசேஷத்துக்கு மொத்தமாகப் பனீர் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தங்கையின் வளைகாப்புக்கு எங்கள் ஊர் மொத்தக்கடை ஒன்றில் ஐந்து கிலோ வாங்கினோம். விலை குறைந்தால் சந்தேகப்படு என்பார்கள். இந்தக் கடைக்காரர் அசல் பனீர் விலையையே வாங்கினார், பில்லிலும் 'பனீர்' என்றே போட்டுக் கொடுத்தார். சமையல்காரர் ஒரு துண்டை வாயில் போட்டதுமே, "இது பால் இல்ல தம்பி, எண்ணெய்" என்றார். மேல்வாயில் மெழுகு பூசியது போல ஒட்டியது.

திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் அசரவே இல்லை. அயோடின் பாட்டிலை எடுத்துச் சொட்டுவிட்டு, "பாருங்க, நீலமாகல, சுத்தமான பனீர்" என்கிறார். இந்த வித்தைக்கு ஏமாறாதீர்கள். அயோடின் மாவுச்சத்தைத்தான் காட்டும், பாமாயிலைக் காட்டாது. உள்ளே ஃப்ரீசர் பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் 'அனலாக்' என்று இருந்தது. சேர்மானத்தில் பாமாயில், கொழுப்பு நீக்கிய பால் பவுடர்.

பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்வதுதான் அனலாக். அதை அனலாக் என்றே சொல்லி விற்றால் குற்றமில்லை. பனீர் என்று விற்றால் குற்றம். சாதாரண பனீரில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உலர்ந்த எடையில் பாதியாவது பால் கொழுப்பாக இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்துத் தட்டில் அடுக்கிவிட்டால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

உணவு பாதுகாப்புத் துறையின் 9444042322 வாட்ஸ்அப் எண்ணுக்கு பில், பெட்டி இரண்டையும் படம் எடுத்து அனுப்பினேன். அலுவலர் வந்து கடையில் இருந்த சரக்கிலிருந்தே மாதிரி எடுத்து, நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைத்தார். அதனால் புகாரை அன்றே கொடுத்துவிடுங்கள், சரக்கு விற்றுப் போனால் எடுக்க ஒன்றும் இருக்காது. நாம் வாங்கியதை நாமே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கவும் உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் இடம் உண்டு. தப்பு என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். எங்கள் புகாரில் 'தரம் குறைந்தது' என்று வந்து, இப்போது விசாரணையில் இருக்கிறது. தரக்குறைவுக்கு 5 லட்சம் வரை, தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம் போடலாம். கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் அதிகபட்சம் அது, எவ்வளவு என்பதை விசாரிக்கும் அதிகாரி முடிவு செய்வார். கடை அதுவரை வழக்கம்போல நடக்கிறது.

அபராதமும் அரசுக்குத்தான் போகும். நம் காசு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குத் தனியாகப் போக வேண்டும். பில் பத்திரமாக இருக்கிறது, போகத்தான் போகிறேன்.