டெக்கால் தாள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: வெள்ளையே இல்லாத வெள்ளை

பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுகிறவர்கள், அதிலும் இந்திய விமானப்படை விமானங்களைச் செய்கிறவர்கள், ஆன்லைனில் தனி ஆட்கள் அச்சடித்து விற்கும் டெக்கால் தாளுக்கு (தண்ணீரில் ஊறவைத்து மாடலில் ஒட்டும் சின்னங்களும் எண்களும் அச்சான தாள்) பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 980 ரூபாய். தாளுக்கு 650, அதோடு ‘இதுவும் சேர்த்து வாங்குங்கண்ணா, இல்லைன்னா ஒட்டாது’ என்று தலையில் கட்டிய கரைசல் பாட்டிலுக்கு 250, கூரியருக்கு 80.

நான் கட்டிக்கொண்டிருந்தது 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72ல் ஒரு பங்காக, ஒரு நாட் (Gnat) போர் விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் சேகோன் மேலெழும்பித் தனியாகப் போரிட்டு உயிரைவிட்ட அதே வகை விமானம். விமானப்படையில் பரம் வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள் அவர்தான். அவருடைய 18வது படைப்பிரிவு 2020ல் தேஜஸ் ஓட்ட ஆரம்பித்தது எங்கள் சூலூரில்தான், கோயம்புத்தூர்க்காரனுக்கு அதனாலும் அதன்மேல் ஒரு பாசம். நாட் எவ்வளவு பொடியன் என்றால் 1/72ல் மூக்கிலிருந்து வால்வரை 12 சென்டிமீட்டர்தான் வரும். கிட் எனக்குக் கைமாறி வந்தது, பெட்டிக்குள் டெக்கால் இல்லை. அதனால் தனியாகத் தேட வேண்டியதாயிற்று.

தேடியதில் கிடைத்தது இந்த ஆளுடைய பக்கம். விளம்பரத்தில் ‘ஸ்க்ரீன் பிரின்ட் தரம், வெள்ளை அடியில் இருக்கும் நிறத்தைக் காட்டாது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. போட்டோவில் ரவுண்டல்கள், அதாவது விமானப்படையின் வட்டச் சின்னங்கள், பளிச்சென்று தெரிந்தன. வெளியே காவி, நடுவில் வெள்ளை வளையம், உள்ளே பச்சை. வெள்ளை நிஜமாகவே வெள்ளையா என்று கேட்டேன். ‘கண்ணாடி மாதிரி இருக்காதுண்ணா, கேரண்டி’ என்று பதில் வந்தது. அந்த உரையாடலை அப்படியே வைத்திருக்கிறேன்.

இங்கேதான் சூட்சுமம். சாதாரண இங்க்ஜெட் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை வர வேண்டிய இடத்தில் அது ஒன்றும் அடிக்காமல் விட்டுவிடும், கீழே இருக்கும் காகிதம்தான் நமக்கு வெள்ளையாகத் தெரியும். டெக்கால் தாளில் மை விழுவது ஒரு மெல்லிய ஒளிபுகும் படலத்தின் மேல், அதற்கு அடியில் தண்ணீரில் கரையும் பசை, அதற்கும் அடியில் காகிதம். அந்தக் காகிதம் வெள்ளையாக இருக்கும்வரை தாள் போட்டோவில் அம்சமாகத்தான் இருக்கும். படலம் மாடலுக்கு மாறியதும் வெள்ளை காகிதத்தோடேயே தங்கிவிடும். நல்ல கம்பெனிக்காரர்கள் பலர் இளநீலக் காகிதத்தில் அச்சடித்துத் தருவது இதனால்தான், வெள்ளை இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். வீட்டிலோ சின்னக் கடையிலோ நிஜ வெள்ளை அடிக்க வேண்டும் என்றால் வெள்ளை டோனர் (தூள் மை) போடும் லேசர் பிரின்டர் வேண்டும், அல்லது ஜப்பானின் ஆல்ப்ஸ் பிரின்டர் வேண்டும். ஆல்ப்ஸ் தயாரிப்பை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. ஸ்க்ரீன் பிரின்ட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன். ஒரே ஒரு நாட் மாடலுக்காக 650 ரூபாய்க்கு அதை யாரும் செய்து தர மாட்டார்கள்.

தாள் வந்தது. ரவுண்டலைப் படலத்தோடு ஒட்ட நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது, காவி வளையத்தின் ஓரத்திலிருந்து மஞ்சளாக ஒரு நூல் இழை பிரிந்து தண்ணீரில் நீண்டது. அதன் பின்னாலேயே பச்சை. ட்வீசரால் எடுத்து டிஷ்யூ மேல் வைத்தால் டிஷ்யூவில் மூவர்ணக் கறை. வரிசை எண்ணின் கறுப்பு எழுத்துகளைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு நிழல் கட்டிக்கொண்டது. தப்பித்த ஒரு ரவுண்டலை இறக்கையில் நகர்த்தி உட்கார வைத்துப் பார்த்தேன். அலுமினிய நிறம் அடித்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் விட்டு, நன்றாகக் காயவைத்த இறக்கை அது. வெள்ளை வளையம் காணாமல் போய்விட்டது, அந்த இடத்தில் வெறும் அலுமினியம். காவியும் பச்சையும் அடியிலிருந்த வெள்ளியை வாங்கிக்கொண்டு, தீபாவளி மிட்டாய் சுற்றிய ஜிகினாத் தாள் மாதிரி மின்னின. போர் விமானத்தில்!

படைப்பிரிவின் சின்னமும் தாளில் இருந்தது. ‘தீவ்ர ஔர் நிர்பய்’ என்ற வாசகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த அளவில் எழுத்தைப் படிக்கும்படி அச்சடிப்பது பெரிய கம்பெனிக்கே கஷ்டம். ஆனால் விளம்பரப் போட்டோவில் அது தெளிவாகத் தெரிந்தது. ஆக, அவர் போட்டது அச்சான தாளின் போட்டோ இல்லை, கம்ப்யூட்டர் படத்தைக் காகிதப் பின்னணியில் ஒட்டிய வேலை. இது ஏமாற்று.

அப்புறம் ஆரம்பித்தது பதில் சொல்லும் படலம். வாங்கும்வரை ‘அண்ணா’. புகார் சொன்னதும் ‘சார்’. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ‘ப்ரோ’. முதலில், நான் அதிக நேரம் ஊறவைத்துவிட்டேனாம். அதிக நேரம் ஊறினால் போவது பசை, மை இல்லை. அதைக் காட்ட, பழைய கிட் ஒன்றில் மிச்சமிருந்த டெக்காலை அதே கிண்ணத்தில் போட்டு, அரை மணி கழித்து வீடியோ எடுத்து அனுப்பினேன். படலம் கழன்று மிதந்தது, மை ஒரு சொட்டுக்கூடக் கலையவில்லை. அடுத்து, எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாம். சிறுவாணித் தண்ணீரைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கடைசியில்தான் உண்மை வந்தது: ‘மேல கிளியர் வார்னிஷ் அடிச்சிட்டுத்தான் ப்ரோ யூஸ் பண்ணணும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’. இங்க்ஜெட் டெக்காலுக்கு அது சரியான முறைதான், ரெண்டு மூன்று மெல்லிய பூச்சு விட்டுக் காயவைத்தால் மை நிற்கும். ஆனால் இவர் விற்றது ஸ்க்ரீன் பிரின்ட் என்று. தாளோடு ஒரு துண்டுச் சீட்டுக்கூட வைக்கவில்லை. வார்னிஷ் அடித்தாலும் இல்லாத வெள்ளை எங்கிருந்து வரும்?

அந்த 250 ரூபாய் பாட்டிலையும் சொல்ல வேண்டும். சொட்டு மருந்து பாட்டில் மாதிரி, லேபிளில் ‘டெக்கால் செட்டர்’ என்று மட்டும். மூடியைத் திறந்ததும் சமையலறையிலிருந்து ‘யாருங்க ஊறுகாய் பாட்டிலத் திறந்தது’ என்று குரல் வந்தது. வினிகர். அவசரத்துக்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து தடவுகிறவர்கள் உண்டு, கடையில் விற்கும் மைக்ரோ செட் போன்ற டெக்கால் கரைசல்களிலும் அசிட்டிக் அமிலம் இருக்கிறது, அதனால் மாடலுக்குக் கேடில்லை. நீல லேபிள் மைக்ரோ செட்டும் சிவப்பு லேபிள் மைக்ரோ சாலும் செய்கிற வேலையே வேறு வேறு, முதலாவது ஒட்ட வைக்கும், இரண்டாவது படலத்தை மெதுவாக்கிப் பேனல் கோடுகளுக்குள் (மாடலின் மேல் தகடு இணையும் இடங்களைக் காட்டும் பள்ளக் கோடுகள்) இறக்கும். இவரிடம் எது என்று கேட்டதற்கு ‘ரெண்டும் ஒண்ணுல’ என்றார்.

மாற்றித் தருகிறேன் என்று இன்னொரு தாள் அனுப்பினார், அதுவும் அதே இங்க்ஜெட். மறுபடி கேட்டதும் ‘கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் இல்லை’ என்று ஒரு வரி, அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். 2020ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளில், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். உரையாடல், யுபிஐ ரசீது, தண்ணீர்க் கிண்ண வீடியோ எல்லாம் இணைத்தாயிற்று. நீங்களும் இவரிடம் மாட்டியிருந்தால் ரசீதை அழித்துவிடாதீர்கள், 1915க்கு நீங்களும் பேசுங்கள்.

இனி யாரிடமாவது தனியாக அச்சடித்த டெக்கால் வாங்குவதென்றால், தாளின் போட்டோவை நம்பவே வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், நிஜமாகவே வெள்ளை அடிக்கிறவர் சந்தோஷமாகக் காட்டுவார். எந்தப் பிரின்டர், மேலே வார்னிஷ் போட்டாயிற்றா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்க்ஜெட் என்று நேர்மையாகச் சொல்லி 150 ரூபாய்க்கு விற்பவர்களும் இருக்கிறார்கள், வெள்ளைப் படலத் தாளில் அடித்தால் அதையும் உருப்படியாகப் பயன்படுத்தலாம், ஓரத்தை மட்டும் கவனமாக நறுக்க வேண்டும். தாள் கைக்கு வந்ததும் மூலையில் தேவையில்லாத ஒரு எண்ணை வெட்டி, ஈரப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் மிச்சத்தைத் தொடாமல் அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அந்த ஆளின் பக்கம் இப்போது வேறு பெயரில் நடக்கிறது. தேஜஸ், ரஃபேல் தாள்களும் சேர்த்துவிட்டார். பெயர் மாறினாலும் நாட் தாளின் போட்டோவை மாற்றவில்லை: இடது மூலையில் ஒரு கட்டைவிரல், அதன் நகத்தில் கறுப்பு மார்க்கர் கறை. அந்தப் படம் கண்ணில் பட்டால் அது இவர்தான்.