காந்தாரியா, நீள மிளகாயா: குமரி மேற்கின் விளைகளுக்கு எது பொருந்தும்?

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வீட்டை ஒட்டிய விளையில், அதாவது தோட்டத்தில், மிளகாய் நட விரும்புவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே எடுக்கிறார்கள்: நாற்றாக வாங்கி நடும் நீள மிளகாய் அல்லது பறவை எச்சத்திலிருந்து வேலியோரம் தானே முளைத்து நிற்கும் காந்தாரி என்னும் சிறு மிளகாய். எது அதிகம் எரியும் என்பதே இங்கு வழக்கமான பேச்சு. தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை வெயிலும் பறிப்பவரின் பொறுமையும்தான் என்பது என் கருத்து.

நீள மிளகாய் நல்ல வெயில் கேட்கும் செடி. தென்னையும் பலாவும் அடர்ந்த நிழலில் அது மெலிந்து உயர்ந்து பூவை உதிர்த்துவிடும். காந்தாரியோ ஓலை இடுக்கில் சிதறி விழும் வெளிச்சத்திலும் காய்க்கும். கிளைகளை வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்துச் சில ஆண்டுகள் நிற்கும். ஆகவே விளை நிழலாக இருந்து, வெயில் படும் மொட்டைமாடியும் இல்லாத வீட்டுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை; காந்தாரிதான்.

மண்ணையும் பார்க்க வேண்டும். இப்பகுதியின் புளிப்பான செம்மண்ணில், இலைகள் பசுமையாக இருக்கும்போதே செடி திடீரெனத் துவண்டு சாய்ந்தால், தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்திப் பார்க்கலாம். வெட்டிலிருந்து பால் போன்ற கசிவு இறங்கினால் அது பாக்டீரியா வாடல். கத்தரியும் தக்காளியும் அதே நோய்க்கு இடம் கொடுப்பவை என்பதால், அவை நின்ற இடத்தில் மிளகாய் வைப்பது நல்லதல்ல. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட உஜ்வலா என்னும் மிளகாய் ரகம் இந்நோயைத் தாங்கும். வாடல் ஏற்கெனவே புகுந்த விளைக்கு இவ்விரண்டையும்விட அதையே நான் பரிந்துரைப்பேன்.

அறுவடையில்தான் இரண்டும் வெகுவாக விலகுகின்றன. நீள மிளகாயை நட்டு ஏறத்தாழ 75 நாளில் பச்சையாகப் பறிக்கத் தொடங்கலாம். பழுக்கவிட மேலும் ஒரு மாதம் பிடிக்கும். காம்போடு பறித்தால் காய் சில நாள் வாடாது. பழங்களைச் செடியிலேயே நிறுத்திவைத்தால் புதிய பூ குறையும் என்பதால், பச்சைக்கு வேண்டுவோர் அடிக்கடி பறிப்பதே சரி. கொத்தாக மேல்நோக்கி நிற்கும் சிறு காந்தாரியை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். கால்கிலோ சேர்வதற்குள் இடுப்பு வலித்துவிடும், விரல் எரிச்சல் தனிக்கணக்கு. பழுத்த காந்தாரி காம்பை விட்டு எளிதில் கழன்றுவிடும். காரம் உறைக்காத பறவைகள் நமக்கு முன்பே வந்துவிடும். எனவே முற்றிய காயாகவே பறிக்க வேண்டும். மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள உப்பும் சின்ன உள்ளியும் சேர்த்து நசுக்கும் வீட்டுக்கு ஒரு கைப்பிடி போதும். அன்றாடக் குழம்புக்குக் காந்தாரியை நம்புவது வீண் வேலை.

வற்றல் போட நினைப்பவருக்கு மட்டும் நாட்கணக்கு முக்கியம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு மழையும் பெறும் இம்மாவட்டத்தில், மழை நாளில் பழுத்த மிளகாய் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே செப்டம்பரில் விதைத்து, 40 நாள் நாற்றை உயர்ந்த பாத்தியில் நட்டால், பழம் வரும் பிப்ரவரியில் வெயில் தயாராக இருக்கும். காந்தாரிக்கு இந்தக் கவலை குறைவு; அதை உப்பிலோ வினாகிரியிலோ (வினிகர்) ஊறவைத்துவிடலாம்.