ஓதம் பட்ட கிட்டாரை சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் மழை முடிந்ததும் எலக்ட்ரிக் கிட்டார் கரகரக்கும், அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் மக்கர் பண்ணும். அந்தச் சமயம் பார்த்துக் காசு பிடுங்கும் கடையும் இருக்கிறது. கடை பெயரைப் போடவில்லை, இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரிப் பக்கம் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கி நின்றது. வீடு முதல் மாடியில் இருப்பதால் எதுவும் நனையவில்லை. ஆனால் கரண்ட் இல்லாமல், ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்ததில் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. அதன் பிறகு கிட்டாரில் செருகிய கேபிளை லேசாக அசைத்தாலே கரகர. ஆம்பில் வேறு கூத்து. நன்றாக வரும் சத்தம் திடீரென்று பாதியாகிவிடும், கிட்டார் கம்பியை ஓங்கி ஒரு தட்டு தட்டினால் திரும்பி வரும்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசிக்க வேண்டும் என்பதால் இரண்டையும் சர்வீஸுக்குக் கொடுத்தேன். "மூணு பிக்கப்லயும் காயில் ஈரம் குடிச்சிருக்கு சார், மாத்தியே ஆகணும். ஆம்புல பவர் ஐசி அவுட்." பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள், பவர் ஐசி என்பது ஆம்பில் சத்தத்தைப் பெருக்கும் சில்லு. மொத்தம் 9,500 ரூபாய். பில் கேட்டதற்குப் பேனாவால் எழுதிய எஸ்டிமேட் தாள் ஒன்றை நீட்டினார்கள்.

கிறிஸ்துமஸ் எப்படியோ ஓடிவிட்டது. வருடக் கடைசி ராத்திரி ஆராதனையில், பாட்டு நடுவில், ஆம்ப் மறுபடி பாதிச் சத்தத்துக்கு இறங்கியது.

எங்கள் சர்ச் மிக்ஸரையும் ஸ்பீக்கரையும் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பழைய ரேடியோ மெக்கானிக். ஆம்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஐசி மேல் பல வருடத்துத் தூசி கலையாமல் அப்படியே கிடந்தது. சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்குக்கும் ஐசிக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தது. "தம்பி, இதுல எவனும் கை வச்ச மாதிரியே தெரியலியே" என்றார்.

பிறகு, பெடல் (சத்தத்தின் தன்மையை மாற்றும் பெட்டி) போடுவதற்காக ஆம்பின் பின்பக்கம் இருக்கும் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகளுக்கு நடுவே ஒரு சின்ன கேபிளைச் செருகினார். முழுச் சத்தமும் வந்துவிட்டது. ரிட்டர்ன் ஜாக்கில் ஒன்றும் செருகாதபோது, உள்ளே இருக்கும் சின்னத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத்தான் சிக்னல் போகிறது. யாரும் தொடாத ஜாக் என்பதால் ஓதம் பட்டு அந்தத் தகடு கறுத்துப் போயிருந்தது. கரண்டைப் பிடுங்கிவிட்டு காண்டாக்ட் கிளீனர் அடித்து, அந்த ஜாக்கில் கேபிளை நாலைந்து முறை செருகி எடுத்து, நன்றாகக் காயவிட்டார். அவ்வளவுதான் வேலை. அந்த கிளீனர் ரிச்சி தெருவில் கிடைக்கும். பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அதற்குப் பதிலாக அடித்துவிடாதீர்கள்.

கிட்டார் கதைதான் வயிற்றெரிச்சல். கேபிள் செருகும் ஜாக்கில் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது, சுரண்டக்கூட இல்லை. ஆனால் பிக்கப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள்! செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிட்டார் அது. விற்றவர் அன்றைக்கே முன்பக்கத் தகடான பிக்கார்டைக் கழற்றி உள்ளே காட்டிய படம் போனில் இருந்தது. அதில் பிக்கப்பின் அடியில் ஆறு காந்தக் குச்சிகளின் முனைகள் தனித்தனியாகத் தெரிகின்றன, வயர் துணி சுற்றியது. இப்போது இருப்பதில் அடியில் கறுப்பாக ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருக்கிறது, வயர் பிளாஸ்டிக். மலிவு விலை சாமான்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் "ஒரிஜினலே அதுதான் சார்." அப்புறம் "பழசைக் குப்பையில போட்டாச்சு." கடைசியில் "பையன் தெரியாம மாத்திட்டான்" என்று 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிக்கப் வரவே இல்லை.

பிக்கப் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்கள் முன்னாலேயே சோதிக்கச் சொல்லுங்கள். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடம்புக்கும் மல்டிமீட்டர் வைத்தால் போதும். செலக்டர் ஸ்விட்சை முன்னால், நடுவே, பின்னால் என்று ஒவ்வொரு பிக்கப்பாகத் தள்ளிப் பாருங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) என்றால் 6 கிலோ ஓம் அக்கம்பக்கம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்றால் பெரும்பாலும் 7, 8 காட்டும். அப்படிக் காட்டினால் காயில் அறுந்துபோகவில்லை. கரகரப்பு ஜாக்கிலோ, வால்யூம் குமிழிலோ, ஸ்விட்சிலோதான் இருக்கும். ரீடிங் தாவினால் ஜாக்கை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கொடுக்கும் முன் உள்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகம் கைக்கு வர வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் இருந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நான் தெம்பாகப் பேசியிருப்பேன், கையில் இருந்ததோ எஸ்டிமேட் தாள்.

ஆம்பை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். கண்ணாடிக் குழாய் போட்ட வால்வ் ஆம்ப் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம். சென்ட், ரிட்டர்ன் சோதனைக்கு மூடியைக் கழற்ற வேண்டியதில்லை, பேட்ச் கேபிள் என்கிற அந்தச் சின்ன கேபிள் போதும்.