டி3 கேம்பர் வேனில் கூலன்ட் கசிவு: மருந்து ஊற்றுவதா, வெளியே பூசுவதா, ஹெட்டைக் கழற்றுவதா?

அமெரிக்காவில் வனகன் என்று விற்ற ஃபோக்ஸ்வாகன் டி3 வேனுக்கு, 1983 மாடலிலிருந்து காற்றுக் குளிர்விப்பை விட்டுவிட்டுத் தண்ணீரால் குளிரும் பாக்ஸர் எஞ்சினை (சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் வகை) போட்டார்கள். முதலில் 1.9 லிட்டர், பிறகு 2.1. வெஸ்ட்ஃபாலியா கேம்பர்களில் இன்றும் ஓடுவது பெரும்பாலும் இவைதான். இரண்டுக்கும் பொதுவான வியாதி ஒன்று: ஹெட்டும் (சிலிண்டர்களை மூடும் தலைப்பகுதி) பிளாக்கும் (எஞ்சினின் உடல்) சேரும் இடத்தின் கீழ் விளிம்பில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசியும். காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது சொட்டும், சூடேறி அங்குள்ள ரப்பர் கேஸ்கெட் விரிந்ததும் நின்றுவிடும். காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

ஆனால் கீழே ஈரம் கண்டவுடன் ஹெட் என்று முடிவு கட்டக் கூடாது. மேலேயிருந்து வழிந்ததும் அங்கேதான் வந்து தொங்கும். எஞ்சின் அறையில் இருக்கும் பிளாஸ்டிக் எக்ஸ்பான்ஷன் டேங்கின் ஒட்டுக்கோடு விரிசல் விடும். தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கத்து ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும். வாட்டர் பம்பின் அடித் துளையில் வடியும். குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பு டெஸ்டரை மாட்டி சுமார் 1 பார் அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் விட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொண்டு மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். பலருக்கு வேலை இங்கேயே, ஒரு கிளாம்பிலோ ஒரு டேங்கிலோ முடிந்துவிடும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது டேங்கை மட்டும் பார்த்து அளவு சொல்லாதீர்கள். அது வழிவதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் டேங்க். எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியின் வால்வு கெட்டுப்போனால் கசிவே இல்லாமலும் அளவு குறையும்.

கசிவு ஹெட் விளிம்பில்தான் என்று உறுதியானால் இந்த எஞ்சினின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. எரிந்த வாயுவை அடைப்பது ஒவ்வொரு சிலிண்டர் லைனர் (பிஸ்டன் ஓடும் உறை) தலையிலும் இருக்கும் உலோக வளையம். தண்ணீரை அடைப்பது வெளிச்சுற்றில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட். இரண்டும் தனித்தனி. அதனால் வெளியே சொட்டுவது மற்ற கார்களில் 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்பதுபோல் உடனடி ஆபத்து இல்லை. டேங்கில் குமிழி வந்தாலோ, இரவு முழுக்க ஆறிய பிறகும் ஹோஸ் கல்லாக இறுகியிருந்தாலோதான் கதை வேறு, அந்த உலோக வளையமே விட்டிருக்கலாம்.

இதே அமைப்பால்தான் பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம், அதாவது ஹெட் நட்டுகளை இன்னும் ஒரு கால் சுற்று முறுக்குவது, வேலை செய்யாது. ஹெட் உட்காருவது லைனர்களின் மேல். ரப்பருக்கான இடைவெளியை லைனரின் உயரமே தீர்மானித்துவிடுகிறது. எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் கூடுதலாக நசுங்காது, அலுமினிய பிளாக்கிலிருந்து ஸ்டட் (நட்டு மாட்டும் திருகுத் தண்டு) பிடுங்கிக்கொண்டு வரத்தான் வாய்ப்பு.

மிச்சம் இருப்பது மூன்று வழி.

கடையில் பாட்டிலில் கிடைக்கும் கசிவடைப்பான் மலிவு, பத்து நிமிட வேலை. சின்ன ஊறலைச் சில வாரம், சில சமயம் சில மாதம் நிறுத்தும். சிக்கல் என்னவென்றால், பின்னால் எஞ்சின், முன்னால் ரேடியேட்டர் என்று நீண்ட குழாய்கள் ஓடும் வண்டி இது. சிஸ்டம் முழுக்கப் பதினாறு பதினேழு லிட்டர் பிடிக்கும். ஒரு பாட்டில் போதாது என்று இரண்டு மூன்றாக ஊற்றத் தோன்றும். ஊற்றிய துகள் ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில்தான் படியும்: முன் ஹீட்டர், கேம்பரின் பின் ஹீட்டர், காற்று வெளியேறும் சன்னக் குழாய்கள், 2.1 எஞ்சினில் ஆயில் கூலர். இவ்வளவு பழைய வண்டியின் ரேடியேட்டரிலும் ஏற்கெனவே அடைப்பு இருக்கலாம். சொட்டு நின்ற மகிழ்ச்சி அடுத்த மலையேற்றத்தில் டெம்பரேச்சர் முள்ளில் தெரியும். நடுவழியில் மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டுமென்றால் ஒரு பாட்டில் ஊற்றலாம். போனதும் முழுக்க வடித்துக் கழுவ வேண்டும்.

இரண்டாவது, இடுக்கை வெளியிலிருந்து அடைப்பது. கூலன்ட்டை ஹெட் மட்டத்துக்குக் கீழே வடித்து, விளிம்பை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எஞ்சினுக்கான சிலிக்கான் சீலன்ட்டை இடுக்குக்குள் அழுத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுவார்கள். எபாக்சி வேண்டாம், ஹெட்டும் பிளாக்கும் சூட்டில் அசையும், கெட்டியான பசை வெடித்துவிடும். உள்ளே எதுவும் கலக்காததால் பாட்டிலைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அழுத்தம் உள்ளிருந்து தள்ளுகிறது, பூச்சு வெளியிலிருந்து பிடிக்கிறது. காய்ந்த இடுக்கில் பூசினால் ஒரு பயண சீசன் தாக்குப்பிடிக்கலாம். துளி ஈரம் இருந்தாலும் முதல் சூட்டிலேயே உரிந்து வரும். அடியில் அரிப்பு தொடர்வதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அந்த அரிப்புதான் மூன்றாவது வழிக்கான உண்மையான காரணம். ரப்பர் உதட்டின் அடியில் தேங்கும் பழைய கூலன்ட் அலுமினிய ஹெட்டின் முகத்தில் குழிகளைத் தோண்டுகிறது. குழி ஆழமில்லாத நிலையில் கழற்றினால் கேஸ்கெட் கிட் ஒன்றோடு போகும். தள்ளிப்போட்டால் ஹெட்டையே மாற்ற வேண்டி வரும்.

எஞ்சினை இறக்காமலே ஹெட்டைக் கழற்றலாம். நேரம் தின்பது ஹெட் இல்லை, துருப்பிடித்த எக்ஸாஸ்ட் நட்டுகள். இரண்டு நாள் முன்பிருந்தே துரு எண்ணெய் அடித்து வையுங்கள்; அசையாவிட்டால் சூடு காட்டுங்கள், பலத்தைக் காட்டினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே உடையும். புஷ்ராடுகளை (வால்வுகளை இயக்கும் தண்டுகள்) வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வைக்கவும். எட்டு நட்டும் கழன்ற பின் ஹெட்டை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டி இழுக்கும்போது, இன்னொருவர் லைனர்களைப் பிளாக்கோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். லைனர் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு அரை அங்குலம் வந்துவிட்டால் அதன் அடி வளையம் பெயர்ந்துவிடும். அப்புறம் கூலன்ட் எஞ்சின் ஆயிலில் கலக்கும். அப்படி நகர்ந்த லைனரை முழுக்க வெளியே எடுத்துப் புது வளையம் போட்டுத்தான் திரும்பச் செருக வேண்டும். ஹெட் இல்லாத நேரத்தில் கிராங்கைச் சுற்றவே கூடாது, அதுவும் லைனரைத் தூக்கிவிடும்.

முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து குழிகளைப் பாருங்கள். நகம் லேசாகத் தட்டும் அளவு குழிகளை உலோக எபாக்சியால் நிரப்பி, 24 மணி நேரம் இறுகவிட்டு, சமமாகத் தேய்க்கலாம். குழி அந்த உலோக வளையம் உட்காரும் இடம் வரை போயிருந்தால் வெல்டிங் செய்து மெஷினில் சீவ வேண்டும், அல்லது ஸ்பெயினின் ஏஎம்சி போன்ற நிறுவனத்தின் புது ஹெட் வாங்க வேண்டும். ரப்பர் கேஸ்கெட்டுக்கு ஹெட் பக்கத்தில் மட்டும் மெல்லிய கோடாகச் சீலன்ட் போதும். இரண்டு பக்கமும் அள்ளிப் பூசினால் வழுக்கிக்கொண்டு கேஸ்கெட் வெளியே பிதுங்கும்; புதிதாகப் போட்ட ஹெட் ஒரே மாதத்தில் மறுபடி சொட்டுவதற்கு இது ஒரு காரணம். நட்டுகளின் அடியிலும் சீலன்ட் வேண்டும், ஏனென்றால் ஸ்டட்டுகளைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. மேனுவல் காட்டும் வரிசையில் முதலில் 10, பிறகு 50 நியூட்டன் மீட்டர். புஷ்ராட் குழாய் சீல்களையும் இப்போதே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து அங்கே ஆயில் ஒழுகும்.

ஒரு பக்கம் மட்டும் கசிகிறது, மறுபக்கத்தை விடலாமா? எக்ஸாஸ்ட் எப்படியும் கழன்றிருக்கிறது, கூலன்ட்டும் வடிந்தாயிற்று, வயதும் இரண்டுக்கும் ஒன்றே. இரண்டையும் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

இப்போதைக்கு எதுவும் செய்யாமல் ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் ஒரு வழிதான். வாரம் ஒரு டம்ளருக்குக் கீழே குறைந்தால், டெம்பரேச்சர் மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னாத வரை ஒரு சீசன் ஓட்டலாம். பாட்டில் மருந்தைவிட இதை நம்பலாம். நிபந்தனை ஒன்று: வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாஸ்பேட் இல்லாத ஜி11 வகை கூலன்ட், பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரோடு. பழைய சிவப்பு ஜி12-ஐ அதில் கலந்தால் பழுப்புச் சேறாகும்.

ஹெட் வேலை முடிந்து கூலன்ட் நிரப்பும்போது அவசரப்பட்டால் முன் ரேடியேட்டரில் காற்று தங்கிவிடும். வண்டியின் முன்பக்கத்தை 40 சென்டிமீட்டர் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, மேல் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டர் பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, எஞ்சினை 2000 ஆர்பிஎம்மில் வைத்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும் வரை டேங்கில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்குரூவை மென்மையாக மூடுங்கள், அது உட்காருவது பிளாஸ்டிக்கில். மறுநாள் காலை, எஞ்சின் தொடுவதற்கு ஜில்லென்று இருக்கும்போது அளவைப் பாருங்கள்; அரை லிட்டர் வரை இறங்கியிருந்தால் பதற வேண்டாம், மிச்சக் காற்று வெளியேறியதுதான். மூன்றாம் நாளும் இறங்கினால் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.