சங்கமா, அறக்கட்டளையா?

குடியிருப்போர் சேர்ந்து அமைப்பு தொடங்கும்போது பலரும் தடுமாறும் இடம் இது. தமிழ்நாட்டு நிலவரப்படி சொல்கிறேன்.

ஆள்: சங்கத்துக்கு, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, குறைந்தது 7 பேர். அறக்கட்டளையை இரண்டு அறங்காவலர்களோடு தொடங்கலாம்.

பதிவு: சங்கத்துக்கு மாவட்டப் பதிவாளர், அறக்கட்டளைப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர்.

அதிகாரம்: உண்மையான வேறுபாடு இங்கேதான். சங்கத்தில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளை மாற்றலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவை வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் சந்தா கட்டியவருக்கு அந்தக் கையெழுத்துப் பக்கம்தான் பிடிமானம். அறக்கட்டளையில் அறங்காவலர்கள் முடிவெடுத்தால் போதும்.

தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை என எல்லார் வாசலையும் தொடும் வேலைக்குச் சங்கமே சரி. நன்கொடை திரட்டிப் பிள்ளைகளுக்குப் படிப்புதவி தர, பொதுவுக்கு நிலம் எழுதிவைக்க அறக்கட்டளை.