நானோ மினரல், சாதா மினரல், கெமிக்கல்: எந்த சன்ஸ்கிரீன்?

சன்ஸ்கிரீன் டப்பாக்களில் ‘நானோ இல்லாதது’, அதாவது மிக நுண்ணிய துகள் இல்லாதது, என்று கொட்டை எழுத்தில் போடுவது இப்போது விளம்பர உத்தியாகிவிட்டது. சரி, நானோ வேண்டாமென்றால் மிஞ்சுவது என்ன? பெரிய துகள் உள்ள சாதா மினரல் வகை, இல்லையென்றால் கெமிக்கல் வகை. அவை நானோவைவிடப் பாதுகாப்பானவையா?

முதலில் மினரல் இரண்டையும் பார்ப்போம். ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளைப் பொடிகள். பெரிய துகளாகப் பூசினால், நம் மாநிறத் தோலில் திருநீறு பூசியது போலத் திட்டாகத் தெரியும். துகளை 100 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் அந்த வெளுப்பு பெரும்பாலும் போய்விடும்; புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலை நிற்காது. இதை வெறும் அழகு விஷயம் என்று ஒதுக்க முடியாது. வெளுப்புக்குப் பயந்து லேசாகத் தடவினால் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப்., அதாவது வெயில் தடுப்பு அளவு, கிடைக்கவே கிடைக்காது.

அப்புறம், அந்த நுண்துகள் தோலுக்குள் போய்விடாதா என்ற பயம். ஆஸ்திரேலியாவில் பிரையன் கல்சன் குழு இதற்காகவே ஓர் ஆய்வு செய்தது, 2010இல் வெளியானது. ஜிங்க்-68 என்ற ஐசோடோப்பை (ஜிங்கிலேயே எடையை வைத்துத் தனியாக அடையாளம் காணக்கூடிய வகை) அடையாளமாகச் சேர்த்த கிரீமைக் கடற்கரையில் தன்னார்வலர்களுக்குப் பூசி, ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தார்கள். அந்த ஜிங்க் மிகச் சிறிய அளவில் உள்ளே போயிருந்தது. நானோ பூசியவர்களிடம் மட்டுமல்ல, பெரிய துகள் பூசியவர்களிடமும் அது இருந்தது. போனது துகளா, கரைந்த ஜிங்கா என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜிங்க் ஏற்கெனவே உடம்பில் இருக்கும் சத்துதான் என்பதால் எனக்கு இதில் பெரிய கவலை இல்லை.

கெமிக்கல் வகை பூசச் சுகமானது, வெளுப்பே இராது. ஆனால் ‘உள்ளே போகிறது’ என்ற குற்றச்சாட்டு அதிகம் பொருந்துவது இதற்குத்தான். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட சோதனையில், கெமிக்கல் வகையில் கதிரைத் தடுக்கச் சேர்க்கும் அவோபென்சோன், ஆக்சிபென்சோன் உள்ளிட்ட நான்கு பொருள்கள் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டின. தாண்டினால் கூடுதல் பாதுகாப்புச் சோதனை தேவை என்று பொருள். நஞ்சு என்று பொருளல்ல. அதே ஆண்டு எஃப்.டி.ஏ. முன்வைத்த வரைவு விதியில், பாதுகாப்பும் பலனும் உறுதி என்ற பட்டியலில் இடம்பெற்றவை ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் மட்டுமே.

நானோவில் நான் உண்மையிலேயே தவிர்ப்பது ஸ்பிரேயையும் பவுடரையும்தான். தோல் பெரும்பாலும் தடுத்துவிடும் துகளை நுரையீரல் அப்படித் தடுப்பதில்லை. சுவாசித்த எலிகளிடம் கண்ட புற்றுக்கட்டிகளை முக்கியச் சான்றாக வைத்தே, டைட்டானியம் டை ஆக்சைடு ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2பி பிரிவில் சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய அறிவியல் குழுவும் நானோ ஜிங்க் ஆக்சைடைக் கிரீமில் 25 சதவீதம் வரை ஏற்றுக்கொண்டு, மூச்சோடு நுரையீரலுக்குள் போகக்கூடிய ஸ்பிரேக்களில் வேண்டாம் என்றது. அங்கே 2013 முதல் பொருள்பட்டியலில் ‘நானோ’ என்று குறிப்பிடுவதும் கட்டாயம்.

கடல் விஷயத்தில் யாருமே சுத்தமில்லை. பவளப்பாறைகளைக் காரணம் காட்டி, ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் (இரண்டும் கெமிக்கல் வகைப் பொருள்கள்) உள்ள சன்ஸ்கிரீன் விற்பனைக்கு ஹவாய் 2021 முதல் தடை போட்டது. உடனே மினரல் எல்லாம் ‘பவளத்துக்குப் பாதுகாப்பு’ என்று முத்திரை குத்திக்கொண்டன. ஆனால் ஜிங்க் ஆக்சைடு நீரில் மெல்லக் கரையும். கரைந்த ஜிங்க் பாசிகளுக்கு நஞ்சு. துகள் சிறிதானால் மேற்பரப்பு கூடிக் கரைவதும் வேகமாகும். இந்த ஒரு கணக்கில் சாதா மினரலுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

என் தேர்வு: தினசரி வெயிலுக்கு நானோ ஜிங்க் கிரீம், தாராளமாக. கடலில் இறங்கும் நாளில் முழுக்கைச் சட்டை, மூடாத இடத்துக்கு மட்டும் சாதா ஜிங்க். அங்கே முகம் வெளுத்துத் தெரிந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?