கடைசிப் பக்கத்தை மூடிவைத்துப் படித்தல்: கேஸ் ஸ்டடிகளோடு ஏழு ஆண்டுகள்

ஈரோட்டில் எங்கள் குடும்பம் நடத்தும் மசாலாத்தூள் நிறுவனத்தில் 2018 முதல் ஒரு வழக்கம் இருந்துவருகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை, கடைசி வண்டிக்குச் சரக்கு ஏற்றி முடித்த பின், கொள்முதலைக் கவனிக்கும் என் தாய்மாமா, கணக்குப்பிள்ளை, வறுக்கும் மாஸ்டர், விற்பனை மேற்பார்வையாளர், நான் என ஐவர் அமர்ந்து, வேறு ஏதோ ஒரு நிறுவனம் மாட்டிக்கொண்ட சிக்கலைப் படித்து விவாதிப்போம். மேலாண்மைப் படிப்பில் நேர்வாய்வு என்றும் பேச்சில் கேஸ் ஸ்டடி என்றும் சொல்லப்படும் இந்த முறை, நாற்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்று தொழில் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், எங்களுக்குக் கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதிவைக்கிறேன்.

சறுக்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முதன்முதலாக எடுத்தது, தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்கள் பலரும் கேள்விப்பட்ட சிக் ஷாம்பு பாக்கெட்டின் கதை. கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கிய தொழில் அது. பாட்டில் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குச் சிறு பாக்கெட்டில் ஷாம்பு போனது. காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புதியது ஒன்று இலவசம் என்ற திட்டம், முதலில் எந்தக் கம்பெனிப் பாக்கெட்டும் செல்லும் என்று தொடங்கி, பின்னர் சிக் பாக்கெட் மட்டுமே செல்லும் என்று மாறியது. படித்து முடித்தபோது ஐவருக்கும் ஒரே எண்ணம்தான்: சாம்பார்ப் பொடியையும் ஐந்து ரூபாய்ச் சரமாகத் தொங்கவிட்டால் பெட்டிக்கடைகள் எல்லாம் நம் கையில். பாக்கெட் போடும் இயந்திரம் ஒன்றைக் கடனுக்கு வாங்கினோம். எட்டு மாதத்தில், வெயில் பட்டு நிறம் வெளுத்த சரங்கள் விநியோகஸ்தர்களிடமிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன.

ஷாம்பு அந்த வீடுகளுக்குப் புதிய பொருள். சாம்பார்ப் பொடி அப்படியன்று. மிளகாயையும் மல்லியையும் மாடியில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, டப்பாவில் மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளும் வீட்டில், எங்களுக்குப் போட்டி இன்னொரு பிராண்ட் அல்ல, தெருமுனை மில்தான் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. சிறு பாக்கெட் என்ற பதிலை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது எந்தக் கேள்விக்கான பதில் என்று கேட்காமல் விட்டுவிட்டோம். அந்த இயந்திரத்தில் இப்போது ஓட்டல்களுக்கான ஊறுகாய்ப் பாக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதன் பிறகு படிக்கும் முறையை மாற்றினோம். நான் ஒவ்வொரு கேஸையும் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, அந்த நிறுவனம் முடிவெடுக்க வேண்டிய நாளோடு நிறுத்திவிடுவேன். பிறகு என்ன நடந்தது என்பது தனித்தாளில் மடித்துப் பின் அடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் தம் முடிவையும் காரணத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பின்புதான் அந்தத் தாள் பிரிக்கப்படும். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாதவரை, முடிவு தெரிந்ததும் “இது அப்பவே தெரிஞ்சதுதானே” என்று எல்லோரும் அறிவாளியாகிவிடுவோம். தமிழில் எழுதுவதில் நான் எதிர்பாராத பயன் ஒன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் மிடுக்காகத் தெரிந்த பல வாக்கியங்கள், யார், எவ்வளவு பணத்தை வைத்து, எதைச் செய்தார் என்று தமிழில் சொல்லப் புகும்போது உள்ளே ஒன்றுமில்லாமல் உதிர்ந்துபோகின்றன. எது தகவல், எது அலங்காரம் என்பது அங்கேயே பிரிந்துவிடுகிறது.

1985இல் கோக்க-கோலா தன் பழைய சுவையை மாற்றிய கேஸைப் படித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெயரை மறைத்துக் கொடுத்துச் சுமார் 2 லட்சம் பேரிடம் சுவை பார்க்கச் சொன்னார்கள். பெரும்பான்மையோர் புதியதே நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். எங்களில் நால்வர் “மாற்றலாம்” என்று எழுதினோம். தாளைப் பிரித்தால், 79 நாட்களில் பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று என்றிருந்தது. மாமா சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ருசி பாக்கச் சொன்னாங்க மாப்ள, பழசு இனிமேக் கிடைக்காதுன்னு சொல்லிப்போட்டா பாக்கச் சொன்னாங்க?” என்றார். எந்தக் கல்லூரி வகுப்பிலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மிளகாய் விலை ஏறி, குழம்புத் தூளில் வேறு ரக மிளகாய் சேர்க்க வேண்டி வந்தபோது, பழைய கலவையையும் மூன்று மாதம் கூடவே விற்றுப் பார்த்தோம். கோபிசெட்டிபாளையம் லைனில் கடைக்காரர்கள் பழையதையே கேட்டதால், அந்த லைனுக்கு மட்டும் அது இன்றும் போகிறது.

மிக அதிகமாகக் கைகொடுத்தது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கேஸ். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசுவாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை, ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பாடமாக வைக்கப்படும் அளவுக்கு வளர்ந்தது. பலர் இதைத் தரும சிந்தனையின் கதையாகவே படிக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் தொழில் செய்பவன் பார்க்க வேண்டியது அறுவை அரங்கின் உள்ளே இருக்கிறது. அங்கே கிடைப்பதற்கு மிக அரிதானது அறுவை மருத்துவரின் நேரம். ஒரு மேசையில் சிகிச்சை முடிந்ததும் அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பினால் போதும். பயிற்சி பெற்ற செவிலியர்கள் அடுத்த நோயாளியை அங்கே தயாராக வைத்திருப்பார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை தடையாக நின்றபோது, 1992இல் ஆரோலேப் என்ற பிரிவைத் தொடங்கி அதையும் மதுரையிலேயே தயாரித்தார்கள்.

இதைப் படித்த மறு வாரம், எங்கள் வறுக்கும் மாஸ்டரின் பக்கத்தில் ஒரு நாள் முழுக்கக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். மல்லி பதமாகிவிட்டதை வாசனையை வைத்தே சொல்லக்கூடியவர் எங்களிடம் அவர் ஒருவர்தான். அவரோ பாதி நாள் மூட்டை பிரிப்பதிலும் எடை போடுவதிலும் ரசீதில் கையெழுத்திடுவதிலும் நின்றுகொண்டிருந்தார். உதவிக்கு இருவரை வைத்து, பக்கத்திலேயே இரண்டாவது வறுகடாயைப் போட்டோம். இருட்டும் வரை இழுத்த வேலை நான்கு மணிக்குள் முடிய ஆரம்பித்தது. ஐப்பசி மழையில் மல்லி ஈரம் இழுத்துக்கொள்ளும் நாட்களில் மட்டும் இந்த ஏற்பாடு தடுமாறும். “கடாய் ரெண்டு, மூக்கு ஒண்ணுதானுங்க” என்று அவர் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

குறைகளில் பெரியது, கேஸ் எழுதியவரின் கண்ணாடி வழியாகவே நாமும் பார்க்க வேண்டியிருப்பது. இதற்கு ஹோண்டாவை விடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சந்தையை ஹோண்டா பிடித்தது பெருமளவு உற்பத்தியாலும் அதனால் குறைந்த அடக்கவிலையாலும்தான் என்று, பிரிட்டிஷ் அரசுக்காக பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் 1975இல் தந்த அறிக்கை விளக்கியது. பின்னர் மேலாண்மை ஆய்வாளர் ரிச்சர்ட் பாஸ்கேல், அமெரிக்காவுக்குப் போன ஹோண்டா அதிகாரிகளையே சந்தித்துக் கேட்டு 1984இல் வெளியிட்ட கட்டுரையில் வேறு கதை இருந்தது: 1959இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெரிய வண்டிகளை விற்கத்தான் போனார்கள், அமெரிக்கர்கள் நெடுந்தூரம் வேகமாக ஓட்டியதில் அவை எண்ணெய் கசிந்து கிளட்ச் போய் நின்றன, ஊழியர்கள் சொந்த வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த 50 சிசி வண்டியைப் பார்த்து ஆட்கள் விசாரித்ததால்தான் அது விற்பனைக்கு வந்தது. அன்று முதல், ஒரே நிகழ்ச்சியை இருவர் எழுதியது கிடைத்தால் மட்டுமே அதை எடுக்கிறோம். கட்டணம் கட்டி நாங்கள் சேர்ந்த ஒரு பயிற்சி நிறுவனம் கொடுத்த தொகுப்பில் வென்றவர்களின் கதை மட்டுமே இருந்தது. அதை ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக, பங்கு வெளியிட வரும் நிறுவனங்கள் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணங்களில் இடர்கள் பற்றிய பகுதியையும், 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ்த் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் பிறப்பிக்கும் ஆணைகளையும் படிக்கிறோம். செலவில்லை, நடை வறட்சிதான், ஆனால் பணம் எங்கே சிக்கியது என்பது அங்கே மறைக்கப்படுவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 1982இல் அமெரிக்காவில் டைலினால் என்ற வலிநிவாரணிக் காப்சூல்களில் விஷம் கலக்கப்பட்டபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது போன்ற கேஸ்களைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. ஒரு மாதச் சரக்கைத் திரும்ப எடுத்தாலே வங்கிக் கடனின் வரம்பைத் தொட்டுவிடும் எங்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கிடைப்பது குறைவு. நேரமும் செலவுதான்: ஒரு கேஸைத் தமிழில் எழுத எனக்கு இரண்டு இரவு ஆகிறது.

இப்போது பாதிக்கு மேல் எங்கள் சொந்த கேஸ்களையே படிக்கிறோம். சென்ற மாதம் எடுத்தது, ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் தன் பெயரில் மஞ்சள்தூள் தயாரித்துத் தரும்படி, 60 நாள் கடனுக்குக் கேட்டிருப்பது. மாஸ்டரும் மேற்பார்வையாளரும் நானும் “ஒப்புக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறோம். கணக்குப்பிள்ளை மறுத்து எழுதியிருக்கிறார். மாமா, விரலி மஞ்சள் விலை இதே நிலையில் நிற்காது என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். ஐந்து தாள்களும் உறையிலிடப்பட்டு பீரோவில் இருக்கின்றன. ஒரு வருடம் கழித்துப் பிரிப்பதாக ஏற்பாடு.